பட்டியலில் ஏறாத அறுபது பொட்டலம்

பெட்டி கட்டிய அன்று கடையின் பின்கட்டில் இரண்டு பேர்தான் இருந்தோம். அக்காவும் நானும். அக்காவின் கணவர், நாங்கள் அத்தான் என்று கூப்பிடுகிறவர், முன்னால் அடுப்படியில் நின்றார். கொதிக்கிற சட்டியை விட்டு அவரால் நகர முடியாது. எங்களோடு படித்த ஆஷிக் வரவில்லை, அவன் வீட்டில் கல்யாணம். வண்டி பிடிக்கப் போன இன்னொரு நண்பன் ஜெபின் திரும்பியிருக்கவில்லை. வருகிறேன் என்று சொன்ன கல்லூரிச் சாரும் வரவில்லை. யார் இருந்தார்கள், யார் இல்லை என்று இவ்வளவு திருத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த அறையில் நடந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

மூன்று வருஷம் ஆகிறது. இப்போது கொச்சியில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் பேக்கிங் லிஸ்ட் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு பட்டியலையும் மூன்று முறை பார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

அக்கா எனக்கு உறவு இல்லை. நாகர்கோவிலுக்கு வெளியே இருந்த கல்லூரியில் எங்களோடு எம்.பி.ஏ. படித்தவள். எங்களுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று, அவளுக்கு முப்பத்தொன்பது. வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் சிப்ஸ் கடை. பி.காம். முடித்துப் பதினெட்டு வருஷம் கழித்து, மகளை எட்டாம் வகுப்பில் சேர்த்த அதே ஜூனில் தானும் வந்து சேர்ந்தாள். முதல் நாள் அவள் உள்ளே வந்தபோது டீச்சர் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது.

"இருங்க மக்கா, இருங்க. நானும் பெஞ்சுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள். பையிலிருந்து ஒரு சிப்ஸ் பொதியை எடுத்துப் பிரித்தாள். அன்று முதல் எங்கள் வகுப்புக்குத் தேங்காய் எண்ணெய் வாசம் வந்துவிட்டது.

எதற்காகப் படிக்கிறாள் என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது. அவள் கடை நேந்திரங்காய் சிப்ஸ் ஏற்கெனவே வெளிநாடு போய்க்கொண்டுதான் இருந்தது. ஓர் ஏஜென்ட் மொத்தமாக வாங்கித் தன் பெயரை ஒட்டி அனுப்புவார். "நம்ம சரக்கு நம்ம பேருல கப்பல் ஏறணும்லே. அதுக்குத்தான் இந்த வயசுல பையத் தூக்கிட்டு வாறேன்" என்பாள். ஏற்றுமதி உரிமத்தைத் தன் பெயரில் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். அதற்கும் சேர்த்தே பூ வைப்பாள்.

அவளுக்கு ஒன்று மட்டும் வராது. எதையும் அளவோடு கொடுக்க வராது.

கடையில் மின்தராசு. கால் கிலோ கேட்டால் 250 என்று எண் வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் அவள் கை தானாகச் சட்டிக்குள் போகும். மூன்று துண்டு, நான்கு துண்டு. 258. 261. ஒரு நாள் ஆஷிக் கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கவனித்துவிட்டு, செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினான்.

"யக்கா, மாசம் பதினாலு கிலோ சும்மா போவுது. தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன?"

"அந்தப் பதினாலு கிலோவுலதாம்லே அவன் திரும்பி வாறான். பக்கத்துக் கடைக்குப் போவாம எதுக்கு இங்க வாறான்னு நெனச்சே? உங்க அத்தான் மூஞ்சியப் பாக்கவா?"

அடுப்படியிலிருந்து அத்தான், "கேக்குது, கேக்குது" என்றார். அவர் அதிகம் பேச மாட்டார்.

பரீட்சையிலும் அப்படித்தான். ஐந்து கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் ஆறு எழுதுவாள். கூடுதல் விடையைத் திருத்த மாட்டார்கள் என்று கண்காணிப்பாளர் தலையில் அடித்துக்கொள்வார். "இருக்கட்டு சார். ஒண்ணு பிடிக்கலேன்னா இன்னொண்ணப் பாக்கட்டு" என்பாள். எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் போகாமல் இருந்தபோது, தன் நோட்டு போக எனக்கென்று ஒரு நோட்டு தனியாக எழுதி வைத்திருந்தாள். அதில் சார் அடித்த ஜோக்குகளும் இருந்தன. ஓரிடத்தில், 'இங்க சார் ரெண்டு நிமிஷம் இருமினாரு' என்றுகூட எழுதியிருந்தாள்.

என் அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அப்பா உள்ளே வராமல், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவிலேயே நின்றார். நான் கூப்பிட்டும் வரவில்லை. அக்கா போய், "அண்ணே, செருப்பப் போட்டுக்கிட்டே வாருங்க. நானே போட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று கூட்டி வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். போகும்போது அரைக் கிலோ பொதி ஒன்று. எடை நிச்சயம் அரைக் கிலோவுக்கு மேல் இருந்திருக்கும். பஸ்ஸில் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு நாம என்னலே செய்யதுக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. எனக்கும் அப்படித்தான். வாங்கி வாங்கி, அவளிடம் 'வேண்டாம்' என்று சொல்வதற்கே எனக்கு நாக்கு எழாமல் போயிற்று.

இரண்டாம் வருஷம், 'உலகச் சூழலில் மேலாண்மை' என்று ஒரு பாடம். அதை எடுத்த சார் அக்காவைவிட ஐந்து வயது இளையவர். அவளை மேடம் என்பார். அவர்தான் முந்தின பருவத்தில் மார்க்கெட்டிங்கும் எடுத்தவர். அந்த வகுப்பில் அக்காவின் தராசுக் கதையைக் கேட்டுவிட்டு, "வாடிக்கையாளர் எதிர்பார்ப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், இதைத்தான் பெரிய பெரிய கம்பெனிகள் கோடி கொட்டிக் கற்றுக்கொள்கின்றன" என்று போர்டில் எழுதிக் கோடு போட்டார். கைதட்டினோம். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

உலகச் சூழல் பாடத்தில் ஒவ்வொரு நாட்டுக்காரரும் எப்படி வியாபாரம் பேசுவார்கள் என்று ஒரு பகுதி வரும். சில நாடுகளில் முதலில் பழகுவார்கள், பிறகு காகிதம். சில நாடுகளில் காகிதம்தான் எல்லாம். அக்கா எழுந்து கேட்டாள்: "காயிதம்தான் எல்லாம்னு சொல்லுத ஊருல, கூட ஒண்ணு வச்சுக் குடுத்தா கோவப்படுவாவளா சார்?"

சார் சிரித்தார். "கூடக் கொடுத்தா யார் மேடம் கோபப்படுவாங்க?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் அதற்கு அடுத்த வாரமே, ஏற்றுமதி ஆவணங்கள் பற்றிய தேர்வில், நான் இப்படி எழுதினேன்: 'பட்டியலில் இல்லாத எதையும், அது இலவசமாகவே இருந்தாலும், சரக்கோடு அனுப்பக் கூடாது. இலவசம் என்றால் இலவசம் என்று மதிப்போடு குறிப்பிட வேண்டும்.' பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.

அந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு பாதி, செய்து காட்டுவது பாதி. நான்கு பேர் குழு: அக்கா, ஆஷிக், ஜெபின், நான். உள்ளூர்ப் பொருள் ஒன்றுக்கு வெளிநாட்டில் ஆள் பிடித்து உண்மையாகவே அனுப்ப வேண்டும். வேறு குழுக்கள் தும்புக் கயிறு, கிராம்பு என்று தேடிக்கொண்டிருக்க, எங்களுக்கு வேலை சுலபம். ஆஷிக்கின் மாமா மகன் ஜெர்மனியில் ஒரு மலையாளியின் மளிகைக் கடையில் வேலை செய்தான். ஓணத்துக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வேண்டும் என்றார் அந்தக் கடைக்காரர். அறுபது பெட்டி, பெட்டிக்கு நாற்பது பாக்கெட். ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் அடங்கும் ஆர்டர்தான். ஆனால் நன்றாகப் போனால் மாதா மாதம் எடுக்கிறேன் என்றார். பாக்கெட்டின் மேல் அக்கா கடைப் பெயர்.

வீடியோவில் அவர் முகம் வந்தது. நேராக விஷயத்துக்கு வந்தார். "சேச்சி, ஒரே காரியம். இவிடெ எல்லாம் கரெக்டா இருக்கணும். பேப்பர்ல உள்ளது பெட்டியில, பெட்டியில உள்ளது பேப்பர்ல. கேட்டோ?"

"குறையவே குறையாது. நீங்க பயப்படாண்டாம்" என்று அக்கா நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள்.

இப்போது யோசித்தால் அந்தப் பதிலிலேயே எல்லாம் இருந்தது. சரியாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். குறைவுதான் தப்பு, கூடுதல் ஒரு நாளும் தப்பாகாது என்று தராசுக்கு முன்னால் வளர்ந்தவள் பதில் சொன்னாள்.

பெட்டி கட்டிய அன்று காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. பின்கட்டில் அட்டைப் பெட்டிகள் வாய் திறந்து வரிசையாக இருந்தன. அவள் பாக்கெட்டை எண்ணி அடுக்க, நான் மடிக்கணினியில் பட்டியல் அடித்தேன். நாற்பது ஆனதும் ஒரு பித்தளைச் சருவத்திலிருந்து கையளவு பொட்டலம் ஒன்றை எடுத்து மேலே வைத்தாள். ரப்பர் பேண்ட் போட்ட வெறும் பிளாஸ்டிக் பொட்டலம்.

"இது என்னதுக்கா?"

"சர்க்கரை வரட்டிலே. பெட்டிக்கு ஒண்ணு." வெல்லப்பாகில் சுக்குப் போட்டுப் புரட்டிய நேந்திரங்காய்த் துண்டு; ஓணத்து இலையில் உப்பேரி என்கிற சிப்ஸுக்குப் பக்கத்தில் வைப்பது.

"ஆர்டர்ல இல்லியே?"

"இல்லதான். ஓணத்துக்கு இலை போடுகவனுக்கு உப்பேரி மட்டும் அனுப்பினா எப்படி? வரட்டி இல்லாத இலை ஒரு இலையாலே? பாவம், அந்த மனுசன் எந்த ஊருல கெடக்காரு. பிரிச்சுப் பாத்தா ஒரு சந்தோசம்."

என் விரல் பட்டியலின் கடைசி வரியில் நின்றது. அந்தக் கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேர்வில் எழுதிய விடை எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்பது உட்பட எனக்குத் தெரிந்திருந்தது. "லிஸ்ட்ல ஏத்தட்டாக்கா?" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"சும்மா குடுக்கதுக்கு எதுக்குலே லிஸ்டு? எழுதினா வித்த மாதிரி ஆயிரும்லா. சவத்த விடு. இந்தா, வாயத் தொற."

திறந்தேன். இனிப்பாக இருந்தது. சுக்குக் காரம் கொஞ்சம் தூக்கல். அறுபது பெட்டிக்கும் அவள் வைத்து முடிக்கும் வரை நான் பொட்டலம் இல்லாத பட்டியலையே அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தூத்துக்குடியிலிருந்து சரக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் என் எண்ணுக்குப் பேசினார். "தம்பி, நீங்க எழுதினதுக்கு மேல பன்னெண்டு கிலோ காட்டுதே. உள்ள வேற ஏதும் இருக்கா?"

பொட்டலம் ஒன்று இருநூறு கிராம். அறுபது பொட்டலம். கணக்கு உடனே புரிந்தது. ஆமாம் என்று சொன்னால் பெட்டியைத் திரும்ப இறக்க வேண்டும், அந்தக் கப்பல் போய்விடும், மூன்று வாரம் கழித்து வரும் அடுத்த கப்பலில் போனால் ஓணம் தாண்டிவிடும். அதைவிட, அக்காவிடம் போய் உங்கள் பொட்டலத்தால்தான் என்று சொல்ல வேண்டும்.

"அட்டைப் பெட்டி எடையா இருக்கும் சார். பெட்டி கொஞ்சம் கனம்" என்றேன்.

"அப்ப எடைய மட்டும் மாத்திக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கப்பல் போன ஐந்தரை வாரமும் அக்கா போனை மேசையில் மல்லாத்தி வைத்தபடிதான் வகுப்பில் இருப்பாள். திரையில் ஒரு சின்ன நீலக் கப்பல் கடலில் நகரும். "ஏலே, இன்னைக்கு நகரவே இல்லியே" என்பாள். "கடல்ல நிறுத்தம் கெடையாதுக்கா" என்று ஜெபின் கேலி செய்வான். முட்டத்துக்காரன், கடல் அவனுக்குப் பயமில்லை. ஒன்றும் ஆகாது, ஆயிரம் பெட்டிகளில் ஒன்றைத்தான் திறப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஓணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது கப்பல் கரை சேர்ந்தது. மறுநாள் அந்த நீலப் புள்ளிக்குப் பதிலாகச் சிவப்பில் ஒரு வரி. சோதனைக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

முதலில் மற்ற மூவருக்கும் ஏன் என்று புரியவில்லை. ஆஷிக் மாமா மகனுக்குப் பேசினான், ஜெபின் ஏஜென்சிக்குப் பேசினான். நான் குடிதண்ணீர்க் குழாயடியில் போய் நின்றுகொண்டேன். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரரின் குரல் செய்தி வந்தது: "சேச்சி, நான் அன்னைக்கே பறஞ்சதல்லே? பேப்பர்ல இல்லாத சாதனம் பெட்டியில எப்படி வந்நு? லேபிள் இல்ல, என்ன பொருள்னு எழுதல்ல. தின்னுற சாதனம் வேற. இவங்க விடமாட்டாங்க."

அக்கா அதை மூன்று முறை கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அந்தப் பொட்டலத்தாலயா மக்கா?"

"ஆமாக்கா."

"சும்மா குடுத்ததுக்கா?"

அதற்கான பதிலை நான் பரீட்சைத் தாளில் எழுதியாகிவிட்டது.

எங்கள் சரக்கு தனிக் கண்டெய்னரில் போகவில்லை. வேறு எட்டுப் பேருடைய சரக்கும் அதே கண்டெய்னரில் இருந்தது, அவ்வளவும் நின்றுபோயிற்று. ஏஜென்சிக்காரர் கூப்பிட்டுக் கத்தியபோது அக்கா கல்லூரி ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் நின்றாள். பக்கத்தில் நானும் இருந்தேன். சத்தம் போன் வழியாக வெளியே வந்தது.

"எடை கூடுதேன்னு நான் கேட்டேன்லா? பெட்டி எடைன்னு ஒரு பையன் சொன்னானே, அவன் யாரு? அவனக் குடுங்க!"

அக்காவுக்கு அது அப்போதுதான் தெரியும். என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். பிறகு போனில் சொன்னாள்: "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. எதுவானாலும் என்கிட்ட பேசுங்க."

வைத்த பிறகு கேட்டாள். "போன் வந்துச்சா மக்கா?"

"வந்துச்சுக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மற்ற இருவரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓணத்துக்கு முந்தின நாள் கடையில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. பொதி கட்டிக் கொடுக்க நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். அக்கா தராசில் போட்டாள். 250 என்று வந்தது. கையை எடுத்துவிட்டாள். வழக்கமாக வருகிற ஒரு பெண், இராஜாக்கமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள், பொதியை வாங்காமல் நின்றாள்.

"என்னட்டி, உனக்கும் கணக்கு வந்துட்டா? பெரிய படிப்புப் படிச்சா கை இப்படிச் சுருங்குமா?"

கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டிக்குள் கை விட்டு ஒரு பெரிய பிடி அள்ளிப் போட்டாள். தராசு 340 காட்டியது. அதைப் பார்க்காமல் கட்டிக் கொடுத்தாள். அத்தான் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, "நீ உள்ள போயி செத்த நேரம் இரி. நான் நிறுக்கேன்" என்றார். அவள் பின்கட்டுக்குப் போனாள். நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

ஓணம் போயிற்று. அதற்கு அடுத்த வாரம் எங்கள் குழுவுக்கு வாய்மொழித் தேர்வு. அன்று காலையே அக்கா தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. அந்தப் பொட்டலங்களை அழிக்கச் சம்மதம் என்று உரிமம் வைத்திருப்பவர் ஏஜென்சி அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், ஒரு நாள் தள்ளினால் துறைமுகத்தில் ஒரு நாள் வாடகை கூடும். தேர்வைத் தள்ளி வைக்க முடியுமா என்று சாரிடம் கேட்டோம். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் அந்த ஒரு நாள்தான் வருவார் என்றார்.

வெளியிலிருந்து வந்தவர் எங்கள் அறிக்கையைப் புரட்டினார். "பேக்கிங் லிஸ்ட் சரிபார்த்தது யார்?"

ஜெபின் தரையைப் பார்த்தான். ஆஷிக், "அக்கா..." என்று ஆரம்பித்தான்.

"நான்" என்றேன். பொட்டலம் வைத்ததைப் பார்த்தது, விதி தெரிந்தும் எழுதாமல் விட்டது, எடை கேட்டபோது பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபின் என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தள்ளுவார்கள் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சாரிடம் திரும்பி, "அருமையான கேஸ். தோல்வியை இவ்வளவு தெளிவாக ஆராய்ந்து சொல்லும் மாணவனை நான் பார்த்ததில்லை" என்றார்.

வராந்தாவில் ஜெபின் என் சட்டையைப் பிடித்தான். "அந்த அக்கா அத்தனை பேருகிட்டயும் திட்டு வாங்கிச்சே, அப்ப எங்கலே போச்சு உன் வாய்?" ஆஷிக் பிரித்துவிட்டான்.

மாலை அக்காவுக்குப் போன் செய்து, தேர்வில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றேன். பஸ்ஸில் இருந்தாள், இரைச்சல். "எதுக்குலே சொன்னே? மார்க்கக் குறைச்சிரப் போறாவ" என்றாள். அவள் குரலில் உண்மையாகவே பயம் இருந்தது.

குறைக்கவில்லை. ஜெபினுக்கு எண்பத்து நாலு, ஆஷிக்குக்கு எண்பத்தைந்து, எனக்குத் தொண்ணூற்றொன்று. அக்காவின் பெயருக்கு நேரே 'வரவில்லை'. அவள் அந்தத் தேர்வைப் பிறகு எழுதவும் வரவில்லை. உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை என்று ஆஷிக் சொன்னான்; சிப்ஸ் இப்போதும் கப்பல் ஏறுகிறது, பழைய ஏஜென்டின் பெயரில்.

ஓணம் கழிந்து பதினோராம் நாள் பெட்டிகளை விட்டார்கள். கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார், இனி வேண்டாம் என்றார். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த கூலி, அந்த எட்டுப் பேருடைய சரக்கு காத்துக் கிடந்ததற்கும் சேர்த்து வாடகை, அபராதம், அறுபது பொட்டலத்தையும் எரித்ததற்கான செலவு, எல்லாவற்றுக்கும் ஏஜென்சி போட்ட பில்லில் எங்கள் பங்கையாவது தருகிறோம் என்று மூன்று பேரும் கடைக்குப் போய்க் கேட்டோம். அத்தான் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவரும் அக்காவுமாகக் கட்டியது இரண்டு லட்சத்துப் பதினோராயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.